கொலாபா மில்லின் பேயும் மில் தொழிலாளிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ‘பேய் உலவும் இடங்கள்’ வரிசையில் மும்பை கொலாபாவின் முகேஷ் மில்லுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பொழுது சாய்ந்தால் படப்பிடிப்புக் குழுவினர் அங்கே நிற்பதில்லை, ஒரு நடிகை திடீரென ஆண் குரலில் பேசி எல்லோரையும் வெளியே போகச் சொன்னாராம் என்பதெல்லாம் மும்பைத் தமிழர்களான நாங்களும் கேட்டுக் கேட்டுப் பழகிய கதைதான். கடலோரத்தில் கூரை போய் நிற்கும் கட்டடம். ராத்திரியில் காற்று புகுந்தால் ஊளையிடத்தான் செய்யும். பேயை நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் அங்கே வேலை பார்த்த ஒரு மனிதரைக்கூடக் காணோம். ‘1982-இல் தீப்பிடித்து மூடப்பட்டது’ என்ற ஒரு வரியோடு சரி. அந்த வருஷம் மும்பை மில்களில் என்ன நடந்தது என்று எழுதியவர் யாரையாவது கேட்டிருக்கலாம்.

1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 60-க்கு நெருக்கமான மில்கள், ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். சம்பளமும் போனஸும் மட்டுமல்ல அவர்கள் கேட்டது. பத்லிகளை, அதாவது வராதவருக்குப் பதிலாக அன்றன்றைக்கு வேலை பெறும் ஆட்களை, நிரந்தரமாக்க வேண்டும், தாங்கள் நம்பும் சங்கம் தங்களுக்காகப் பேச வேண்டும் என்றும் கேட்டார்கள். 1946-ஆம் ஆண்டு பம்பாய்த் தொழில் உறவுச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற ஒரே சங்கம்தான் நிர்வாகத்தோடு பேச முடியும். தொழிலாளிகளோ அந்தச் சங்கத்தை விட்டு விலகி வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தும் எந்த ஒப்பந்தமும் வரவில்லை. வேலைநிறுத்தம் முடிந்ததாக யாரும் முறைப்படி அறிவிக்கவும் இல்லை. பல மில்கள் மறுபடி திறக்கவே இல்லை.

என் அப்பா அந்த இரண்டரை லட்சத்தில் ஒருவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தங்கி, பரேல் பக்கத்து மில் ஒன்றில் ஸ்பின்னிங் பிரிவில் சேர்ந்தவர். முதலில் பத்லிதான். விடியுமுன் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது வராமல் போனால் அன்றைக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம், காது மடல், மூக்குத் துவாரம் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் அறுந்த இழையை ஓட ஓட ஒட்டிப் பழகியதில் வலது ஆள்காட்டி விரலின் நுனி மரத்துக் கிடந்தது. சூடான டம்ளரைச் சர்வசாதாரணமாக அந்த விரலால் பிடிப்பார். வார விடுமுறை கழிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகி இருமல் வரும், நாள் போகப் போகக் கொஞ்சம் தணியும். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோய்க்கு அதுதான் அடையாளம் என்று பல வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மில் நின்ற பிறகு அம்மா இட்லி அவித்துக் கொடுக்க, அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்றார். சேர வேண்டிய பாக்கி கடைசி வரை முழுசாகக் கைக்கு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் இணைப்பு வெளிவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே இந்த மில் ஆட்கள் போராடிப் பெற்றது. மில் தொழிலாளர் இயக்கத்தின் முன்னோடி நாராயண மேகாஜி லோகண்டே ஆயிரக்கணக்கான தொழிலாளிகளைத் திரட்டி வருஷக்கணக்காகக் கேட்ட பிறகே, 1890 ஜூனில் பம்பாய் மில் முதலாளிகள் வாரம் ஒரு நாள் விடுப்புக்கு இணங்கினார்கள். ஞாயிறு இணைப்பில் மில்லைப் பற்றி எழுதுகிறவர் லோகண்டேயை ஒரு வரியிலாவது நினைத்திருந்தால் மனசு நிறைந்திருக்கும்.

மில் நிலங்களின் கதையும் பேய்க்கதையைவிடச் சின்னதல்ல. நகரின் நடுவே சுமார் 600 ஏக்கர். விற்கும் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொதுவீட்டு வசதிக்கு என்று 1991-இல் விதி செய்தார்கள். 2001-இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும்தான் இந்தப் பங்கு என்றார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது. அன்றைய மில்கள் பலவும் இன்று மால்களாகவும் அலுவலகக் கோபுரங்களாகவும் நிற்கின்றன. தொழிலாளிகளுக்கான வீடுகளுக்கு ஒன்றரை லட்சம் குடும்பங்களுக்கு மேல் விண்ணப்பித்தன; குலுக்கலில் கிடைத்தது அதில் சிறு பகுதிக்கே. இப்போது சேலு, வாங்கணி என்று நகரத்துக்கு வெகு தொலைவில் இடம் காட்டுகிறார்கள். எழுபது, எண்பது வயதில் யார் அங்கே போய்க் குடியேறுவது?

அடுத்த முறை மில்லைப் பற்றி எழுதும்போது இவர்களில் சிலரையாவது சந்தித்து எழுதுங்கள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் இன்னும் இருக்கிறார்கள், தமிழிலேயே பேசுவார்கள். நிருபரை அனுப்புவதானால் நானே வீடு வீடாக அழைத்துப் போகிறேன். காலை நேரத்தில் வரச் சொல்லுங்கள். பொழுது ஏற ஏறப் பலருக்கும் பேசினாலே மூச்சு வாங்குகிறது.

இப்படிக்கு,
ஒரு மில் தொழிலாளியின் மகள்,
தாராவி, மும்பை.