முதல் நாள் தூண்டில்முள் வேண்டாம்

மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மாடிக்குத் தளம் போட்டாகிவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். வெயில் காலத்தில் போட்ட தளம், தண்ணீர் கட்டுவதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். மகள் பிரிஸ்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கிடங்கில் எனக்கு வாரத்துக்கு நாலு நாள் வேலை என்று மாற்றிவிட்டார்கள். சம்பளம் குறைந்ததுதான், ஆனால் திங்களும் செவ்வாயும் முழுசாக என் கைக்கு வந்துவிட்டன. அதை எப்படிச் செலவழிக்கப் போகிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஸ்விண்டன் பக்கத்தில் ஒரு கிளப் குளத்திலேயே இத்தனை வருஷமாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன் இல்லையா, அதன் குத்தகை முடிந்துவிட்டது. இந்த வருஷம் லீனியர் என்கிற ஏரிக்கூட்டத்துக்குப் போவதாக முடிவு. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் விட்னி ஊருக்குப் பக்கம், ஸ்டான்டன் ஹார்கோர்ட் கிராமத்தை ஒட்டி இருக்கிறது. வின்ட்ரஷ் ஆற்றுச் சமவெளியில் சரளை தோண்டி எடுத்த பள்ளங்கள். நிலத்தடி நீர் ஊறி நிரம்பி ஏரிகளாகிவிட்டன. செயின்ட் ஜான்ஸ், மேனர், ஹார்ட்விக், ஆக்ஸ்லீஸ், பிரேசனோஸ் ஒன்று, இரண்டு என்று நிறைய. உறுப்பினராகச் சேர வேண்டாம், நாள் சீட்டு வாங்கினால் போதும், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அரசாங்கத்தின் தூண்டில் உரிமம் தனி. 13 வயதானவர்களிலிருந்து எல்லோருக்கும் அது கட்டாயம். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கெண்டை மாதிரி மீன்களுக்குத் தூண்டிலே போடக்கூடாது. ஏரி, குளங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1995இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். அதனால் ஏப்ரல் வந்தால் இந்த மாதிரி இடங்களில் கூட்டம் கூடிவிடும்.

போன கடிதத்தில் நக்கலாகக் கேட்டிருந்தாயே, காசு கொடுத்துப் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவதற்கு எதற்கு இத்தனை பாடு என்று. இங்கே கெண்டையை யாரும் குழம்புக்குப் பிடிப்பதில்லை. ஒரு கெண்டை நாற்பது வருஷம்கூட வாழும், அதற்குப் பெயரே வைத்துவிடுவார்கள். 1952இல் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ஹியர்ஃபோர்டுஷயரில் ரெட்மயர் என்ற சின்னக் குளத்தில் 44 பவுண்டு கெண்டை ஒன்றைப் பிடித்தார், ஏறக்குறைய 20 கிலோ. அதை உயிரோடு லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பினார். அது அங்கே 1971 வரை இருந்தது. இந்த நாட்டில் கெண்டைப் பைத்தியம் பெரிதாகப் பரவியதில் அந்த ஒரு மீனுக்கும் பங்கு உண்டு. உனக்குத் தெரியுமோ என்னவோ, நம் ஊட்டி ஏரியில் இருக்கும் கண்ணாடிக் கெண்டையும் இதே இனம்தான். 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஆகவே ரொம்பச் சிரிக்காதே, உன் தலைக்கு மேலே மலையில் இருப்பதும் அதன் பங்காளிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை ஏரி ஒரே இடத்தில் இருந்தால் மனசு குரங்காகிவிடும். இன்றைக்கு இதில் கிடைக்கவில்லை, நாளைக்கு அதில் என்று தாவத் தோன்றும். அப்படித் தாவுகிறவனுக்கு வருஷக் கடைசியில் எந்த ஏரியும் தெரிந்திருக்காது. நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், அக்டோபர் வரை அதுதான். எது என்று உனக்குக்கூடச் சொல்லப்போவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து நீ போட்டிக்கு வரப்போவதில்லை என்பது தெரியும், இருந்தாலும் கெண்டைக்காரன் வாயிலிருந்து அது வராது.

முதல் நாள் முள்ளே கட்டவில்லை. மூன்று கோலையும் கொண்டுபோய் நட்டுவிட்டு, மீன் கடித்தால் அலாரம் மணி அடிக்கும் என்று உட்கார்ந்தால் நாள் பூராவும் கண் அந்த அலாரத்தின் மேல்தான் இருக்கும், தண்ணீரைப் பார்க்க மாட்டோம். அதனால் ஒரே ஒரு கோல், பின்னல் நூல், நுனியில் ஒரு ஈயம், அவ்வளவுதான். ஆள் இல்லாத துறைகளில் நின்று வீசி வீசித் தரையைத் தடவிப் பார்த்தேன். நைலான் நரம்பு இழுபடும். பின்னல் நூல் இழுபடாது, அடியில் நடப்பதெல்லாம் விரலுக்கு வந்துவிடும். நூலை இறுக்கிப் பிடித்திருக்கும்போது ஈயம் ‘டொக்’ என்று விழுந்தால் சரளை. மெத்தென்று இறங்கினால் சேறு. விழுந்ததே தெரியாமல் இழுக்கும்போது கோல் வளைந்துகொண்டே போனால் பாசி. மெதுவாக இழுத்துவந்தால் சரளையில் கடகடவென்று கோல் நடுங்கும், சேற்றில் வழவழவென்று வரும். இந்தப் பள்ளங்களைத் தோண்டிய இயந்திரங்கள் அடித்தரையைச் சமமாக விட்டுவிட்டுப் போகவில்லை. நடுவில் வரப்புகளும் வாய்க்கால்களும் அப்படியே நீருக்கடியில் கிடக்கின்றன. கெண்டை அந்த வரப்பை ஒட்டித்தான் நடமாடும். சரளை முடிந்து சேறு தொடங்கும் ஓரம் கிடைத்தால் விடக்கூடாது; சேற்றில் புழுவும் பூச்சியும் இருக்கும், பக்கத்துச் சரளையில் நம் இரை புதையாமல் கிடக்கும்.

இடம் கிடைத்ததும் அளக்க வேண்டும். இரண்டு குச்சிகளை 12 அடி இடைவெளியில் கரையில் நட்டு, நூலை எட்டுப்போல் மாற்றி மாற்றிச் சுற்றுவார்கள். ஒரு குச்சியிலிருந்து மற்றதுக்குப் போவதுதான் ஒரு சுற்று, அது 4 கஜம். 16 சுற்று என்றால் 64 கஜம். நோட்டில் எதிர்க்கரையில் இருக்கும் மரத்தை அடையாளமாக எழுதி, பக்கத்தில் சுற்றின் எண்ணிக்கையையும் எழுதிவைத்தால் இருட்டில்கூட அதே இடத்தில் இரையைப் போடலாம். அந்த நோட்டுதான் இப்போது என் சொத்து.

ஈயத்தைவிடக் கண் நிறையச் சொல்லிக்கொடுக்கிறது. விடியற்காலையில் ஏரியைச் சுற்றி நடந்தால் போதும். மீன் துள்ளுவதோ முதுகைக் காட்டிப் புரளுவதோ அந்த ஒரு மணி நேரத்தில்தான் அதிகம். அடியில் சேற்றைக் கிளறும்போது நுரைக்குமிழி கூட்டமாக எழும். அப்புறம் நாமக்கோழிகளைக் கவனிக்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முங்கினால் அங்கே யாரோ இரை கொட்டியிருக்கிறார்கள், அல்லது இயற்கையாகவே தீனி இருக்கிறது.

காற்றைப் பற்றி ஆளுக்கொரு சாத்திரம் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இந்தப் பருவத்தில் வெதுவெதுப்பான தென்மேற்குக் காற்று புதிதாக அடிக்க ஆரம்பித்தால் அது மோதும் கரைக்குக் கெண்டை வரும். வடகிழக்கிலிருந்து குளிர்காற்று என்றால் மறைவான கரைக்குப் போய்விட வேண்டும். வெயில் அடிக்கும் ஏப்ரல் மத்தியானங்களில் மேல்தண்ணீர் சூடாகிவிடும், மீன் தரையை விட்டு எழும்பி நிற்கும். அப்போது அடியில் மூட்டை மூட்டையாகக் கொட்டி என்ன பிரயோஜனம்? மிதக்கும் ஒரு சின்ன இரையை நடுத்தண்ணீரில் நிறுத்தினால் போதும்.

காற்றையும் மிஞ்சுகிற ஒன்று மனுஷக் கூட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார்கள் வர ஆரம்பித்தால் ஞாயிறு மத்தியானம் வரை எல்லாத் துறையிலும் கூடாரம், ஈயம் விழுந்துகொண்டே இருக்கும். மீன்கள் யார் கைக்கும் எட்டாத நடுப்பகுதிக்கோ ஆளில்லாத மூலைக்கோ ஒதுங்கிவிடும். ஞாயிறு எல்லோரும் கிளம்பியதும், அவர்கள் கொட்டிவிட்டுப் போன தீனியைச் சாப்பிட ராத்திரி திரும்பி வரும். திங்கள் காலை எனக்கு ஏன் இனிக்கிறது என்று இப்போது புரியும். என்னைக் கேட்டால் நாள் சீட்டு ஏரியில் எந்த இரை என்பதைவிட எந்தக் கிழமை என்பதுதான் முக்கியம். இரை விற்கும் கடைக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரை என்றால் பாய்லி. மீன்மாவு, தானியமாவு, முட்டை எல்லாம் பிசைந்து கொழுக்கட்டை மாதிரி உருட்டி வேகவைத்தது. இதை முள்ளில் குத்துவதில்லை. கெண்டை எதையும் உறிஞ்சிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் துப்பிவிடும். 1980 வாக்கில் லென்னி மிடில்டன், கெவின் மேடாக்ஸ் என்ற இருவர் சேர்ந்து, முள்ளுக்கு வெளியே ஒரு முடியிழையில் இரையைத் தொங்கவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் நிஜமாகவே தலைமுடிதான், இப்போது மெல்லிய நூல். இரை தனியாகக் கிடப்பதால் மீன் சந்தேகப்படாமல் உறிஞ்சும். துப்பும்போது வெறும் முள் உதட்டில் ஏறிக்கொள்ளும். நம் பவானிக்கரையில் மண்புழுவை முள் தெரியாமல் மூடிக் கட்டுவோமே, அதற்கு நேர் எதிர்.

விதிமுறைகளும் இப்படிப்பட்ட இடங்களில் கெடுபிடிதான். பிடித்த மீனைப் படுக்கவைக்க மெத்தை வேண்டும், முள் குத்திய இடத்தில் தடவ மருந்து வேண்டும், நரம்பு அறுந்தாலும் ஈயம் கழன்று மீன் தப்பிக்கும்படி கட்டியிருக்க வேண்டும். கெண்டைக்கு ஹெர்பிஸ் வகை வைரஸ் நோய் ஒன்று இருக்கிறது, தண்ணீர் 16 டிகிரிக்கு மேல் சூடானால் கூட்டமாகச் சாகும். அது ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு ஈர வலையில் போய்விடும் என்பதால் வலையைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கியெடுப்பார்கள், அல்லது நன்றாகக் காயவைக்கச் சொல்வார்கள். எனக்கு இதில் குறை ஒன்றுமில்லை.

வரும் திங்களுக்குத் தென்மேற்குக் காற்று என்று வானிலையில் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு சாயங்காலமே கிளம்பி, நோட்டில் முதலாவதாக எழுதியிருக்கும் வரப்புக்கு நேரே உட்காரப் போகிறேன், இந்தத் தடவை முள்ளோடு. ஆகஸ்டில் ஊருக்கு வருகிறோம். பவானிசாகரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, தூண்டில் போட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விசாரித்து எழுது. கோல் இரண்டை விமானத்தில் போட்டு எடுத்துவருவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் மாப்ளே,
ஸ்விண்டனிலிருந்து