வெனிஸிலிருந்து மங்கைக்கு

அன்புள்ள மங்கை,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகியிருக்குமே. மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாயா என்பதை அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுது.

இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு ம்யூனிக்கில் வேலை நிலைத்துவிட்டது. மருமகளுக்கு ஜனவரியில் பிரசவம். அதற்குப் பிறகு நான் எங்கேயும் நகர முடியாது என்று தெரிந்து, "நாலு நாள் எங்கேயாவது போய்விட்டு வாங்கம்மா" என்று அவனே சொன்னான். இரவுப் பேருந்து ஏறி வெனிஸுக்கு வந்துவிட்டேன். தனியாகத்தான்.

ஏன் வெனிஸ் என்றால், உன்னால்தான். விடுதியில் நம் அறைச் சுவரில் பழைய நாட்காட்டிப் படம் ஒன்று ஒட்டியிருந்தது நினைவிருக்கிறதா? கால்வாய், படகு, இரண்டு பக்கமும் மாளிகைகள். எல்லோரும் அழகு அழகு என்று பார்த்தபோது நீ மட்டும், "சுற்றி உப்புத்தண்ணீர், இவர்கள் குடிக்க என்ன செய்வார்கள்?" என்று கேட்டாய். அன்று யாருக்கும் பதில் தெரியவில்லை. நீ அப்புறம் வேலையில் சேர்ந்து கிணறும் குளமுமாக முப்பது வருஷம் அலைந்தாய். எனக்கு அந்தக் கேள்வி மறக்கவே இல்லை. நேற்று முழுநாளும் அதற்கான பதிலைத்தான் நடந்து நடந்து பார்த்தேன்.

தீவுக்குள் தங்கினால் என் பணம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அதனால் கரையில் இருக்கும் மெஸ்த்ரேயில், ஆறு பெண்கள் தங்கும் அறையில் ஒரு கட்டில் எடுத்தேன். அங்கிருந்து ரயிலில் பத்து நிமிடம், கட்டணம் இரண்டு யூரோவுக்கும் குறைவு. ஊரைச் சூழ்ந்த காயலின் (கடலோர உப்புநீர்ப் பரப்பு) குறுக்கே போகும் அந்த ரயில் பாலம் 1846இல் கட்டியது. அதற்கு முன் இந்த ஊருக்குப் படகைத் தவிர வேறு வழியில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் போனேன். இரண்டு பக்கமும் பனிமூட்டம், தண்ணீர் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. (2024இலிருந்து ஏப்ரல் முதல் ஜூலை வரை சில நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். நவம்பரில் அது இல்லை.)

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் படி, படி முடிந்தால் பெரிய கால்வாய். ஒரு வண்டிச் சத்தம் கிடையாது. காலை ஏழு மணிக்கு அது வேலை செய்கிற ஊர். குப்பை அள்ளும் படகு, காய்கறி மூட்டை ஏற்றிய படகு, சலவைத் துணி மூட்டைகளோடு ஒரு படகு, ஆம்புலன்ஸும் படகுதான். கரையில் இறக்கிய சரக்கைக் கைவண்டியில் தள்ளிப் போகிறார்கள். அந்த வண்டிக்கு முன்னால் இரண்டு சின்னச் சக்கரம் கூடுதலாக இருக்கிறது, பாலத்துப் படிகளில் ஏற்றுவதற்காக. நானூறுக்கு மேல் பாலங்கள் உள்ள ஊரில் ஒரு பெட்டித் தண்ணீர்ப் புட்டி கடைக்கு வந்து சேர எத்தனை படி ஏறி இறங்க வேண்டும், யோசித்துப் பார்.

முதலில் கெத்தோவுக்குப் போனேன். 1516இல் யூதர்களையெல்லாம் ஒரு சின்னத் தீவில் அடைத்து, இரவில் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் புழங்கும் 'கெட்டோ' என்ற சொல் இந்த இடத்தின் பெயர்தான். 1797இல் நெப்போலியனின் படை வந்த பிறகுதான் கதவுகள் போயின. இடம் நீள வழியில்லாததால் வீடுகள் மேலே மேலே உயர்ந்திருக்கின்றன. தளங்கள் தாழ்வானவை, சன்னல்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு சுவரில், 1943இலும் 1944இலும் இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களுக்கான வெண்கல நினைவுப் பலகைகள். அங்கே வெகுநேரம் நின்றேன்.

அதே முற்றத்தில்தான் உன் கேள்விக்குப் பதில் இருந்தது. நடுவில் மூன்று கிணறுகள். கல்லில் செதுக்கிய வட்டமான கைப்பிடிச் சுவர், மேலே இரும்பு மூடி. பார்த்ததும் ஊற்றுக் கிணறு என்றுதான் நினைப்போம். ஆனால் அடியில் ஊற்றே இல்லை மங்கை. அது மழைத்தொட்டி!

முற்றத்தை மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தோண்டி, அடியிலும் பக்கங்களிலும் களிமண்ணைக் கனமாகப் பூசிவிடுவார்கள். உப்புநீர் உள்ளே வராமல் காப்பது அந்தக் களிமண்தான். நடுவில் செங்கல் உறை ஒன்றை எழுப்பி, அதைச் சுற்றி மீதி இடம் முழுவதையும் மணலால் நிரப்பிவிடுவார்கள். மேலே கல் பாவும்போது வாட்டம் கொடுத்து, கிணற்றைச் சுற்றி நாலு இடத்தில் துளையிட்ட கல் பதிப்பார்கள். கூரையில் விழுந்த மழையும் முற்றத்தில் விழுந்த மழையும் அந்தத் துளை வழியாக இறங்கி, மணலில் வடிந்து, செங்கல் உறைக்குள் கசிந்து வந்து நிற்கும். மேலே நாம் பார்க்கிற கைப்பிடிச் சுவர், அந்த உறையின் வாய் மட்டும்தான். முற்றம் முழுவதுமே கிணறு. நான் மண்டியிட்டு அந்தத் துளைக் கல்லில் கை வைத்துப் பார்த்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அளக்க ஆரம்பித்திருப்பாய்.

1858இல் கணக்கெடுத்தபோது இப்படி ஆறாயிரத்துக்கும் மேல் இருந்திருக்கின்றன. பொதுக் கிணறுகளுக்குப் பூட்டு உண்டு. மணி அடித்து, குறித்த நேரத்தில் மட்டும் திறப்பார்களாம். மழை பொய்த்தால் ப்ரெந்தா ஆற்றிலிருந்து படகில் நன்னீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அதற்கென்றே தண்ணீர்ப் படகுக்காரர்கள் இருந்தார்கள். 1884இல் கரையிலிருந்து குழாய் வந்த பிறகுதான் கிணறுகளுக்கு மூடி போட்டார்கள். இப்போது முற்றங்களில் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது, நல்ல தண்ணீர். நாள் முழுவதும் அதைத்தான் பிடித்துக் குடித்தேன்.

அங்கிருந்து பெரிய தெருவைப் பிடித்து சாந்தா சோஃபியா படித்துறைக்கு வந்தேன். கொண்டோலா என்ற துடுப்புப் படகில் சவாரிக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணமே அரை மணிக்கு 90 யூரோ. அது எனக்கு வேண்டாம். ஆனால் பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க, 'த்ரகெத்தோ' என்று இருவர் துடுப்புப் போடும் பெரிய கொண்டோலா இருக்கிறது. 2 யூரோ. ஊர்க்காரர்கள் நின்றுகொண்டே போகிறார்கள். நானும் நின்றேன். மூன்று நிமிடம்கூட இல்லை, ஆனால் காலடியில் மரம் தண்ணீரோடு சேர்ந்து அசைவது இன்னும் உடம்பில் இருக்கிறது.

அக்கரையில் ரியால்தோ மீன் சந்தை. ஒரு பளிங்குப் பலகையில், எந்த மீன் எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் விற்கக்கூடாது என்று செதுக்கி வைத்திருக்கிறார்கள். மத்தி 7 செ.மீ., விலாங்கு 25 செ.மீ. குஞ்சு மீனைத் தொடாதே என்பதைக் கல்லில் எழுதி விற்கிற இடத்திலேயே மாட்டியிருப்பது எனக்கு அந்த ஊர் மாளிகைகளைவிடப் பெரிதாகப் பட்டது.

பத்து மணிக்கு சான் மார்கோ சதுக்கம். அன்று கடல் ஓதம் ஏறும் நாள். கல் பாவிய தரையின் வடிகால் துளைகளில் நீர் மெதுவாக ஊறி வந்து, கொஞ்ச நேரத்தில் தேவாலயத்துக்கு முன்னால் கணுக்கால் அளவு நின்றது. உயர மேசைகளை வரிசையாகப் போட்டு நடைபாதை ஆக்கியிருந்தார்கள். 2019 நவம்பர் 12 அன்று ஓதம் 187 செ.மீ. வரை ஏறியது, 1966இல் 194. இப்போது காயலின் மூன்று வாய்களிலும் கடலடியில் 78 இரும்புக் கதவுகள் படுத்துக் கிடக்கின்றன. உள்ளே காற்றைச் செலுத்தினால் நீர் வெளியேறி அவை எழுந்து நிற்கும். 2020 அக்டோபரில் முதன்முறையாக வெள்ளத்தைத் தடுத்தன. ஆனால் 110 செ.மீ. வரும் என்று தெரிந்தால்தான் பொதுவாக எழுப்புகிறார்கள். சதுக்கம் ஊரிலேயே தாழ்ந்த இடங்களில் ஒன்று, அங்கே நீர் ஏற அவ்வளவு உயரம் தேவையில்லை. தேவாலயத்தைச் சுற்றி 2022இல் கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் சான் சக்காரியா என்று ஒரு கோயில். ஓவியர் பெல்லினி 1505இல் தீட்டிய மரியாள் படம் அங்கே இருக்கிறது. உண்டியலில் காசு போட்டால் விளக்கு எரியும். எனக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் இருட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்காக இன்னொரு காசு போட்டேன். அதன் நிலவறையில் தண்ணீர் நிற்கிறது. தூண்கள் தண்ணீரில் நிற்க, அவற்றின் நிழலும் அசையாமல் நிற்கிறது. பழைய ஆட்சித் தலைவர்களை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

மதியச் சாப்பாடு 'பாக்கரோ'வில். சின்னக் கடை, நின்றபடி சாப்பிட வேண்டும். ரொட்டித் துண்டின் மேல் எதையாவது வைத்துத் தருவார்கள். மத்தியைப் பொரித்து, வதக்கிய வெங்காயமும் காடியும் உலர்திராட்சையும் சேர்த்து ஊறவைத்தது ஒன்று. கடலோடிகள் கெடாமல் கொண்டுபோன பண்டமாம். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

அப்புறம் ஒரு மணி நேரம் வழி தவறினேன். கதவு எண்கள் தெருவாரியாக இல்லை, ஊரின் ஆறு பகுதிகளுக்கும் தனித்தனியாக ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. ஒரு சந்துக்குள் நுழைந்தால் நேராகத் தண்ணீரில் போய் முடிந்தது. திரும்பி வரும்போது ஒரு பாட்டி, சக்கரப் பையோடு பாலத்தின் கீழே நின்றார். நான் ஒரு பிடி, அவர் ஒரு பிடி, தூக்கிக்கொண்டு ஏறினோம். அவர் மொழி எனக்குத் தெரியாது. விரலால் எதிர்வீட்டு மாடிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, கையை விரித்தார்: யாரும் இல்லை. 1951இல் இந்தத் தீவூரில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்தார்கள், இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. ரியால்தோ பக்கம் ஒரு மருந்துக் கடைச் சன்னலில் அந்த எண்ணிக்கை விளக்கில் ஒளிர்கிறது. வீடுகளெல்லாம் என்னைப் போல வந்து போகிறவர்களின் தங்குமிடமாகிவிட்டன. எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. மெஸ்த்ரேயில் தங்கிவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

பாட்டி கைகாட்டிய வழியில் போனால் மார்கோ போலோவின் குடும்பம் இருந்த முற்றம்! வீடு எப்போதோ எரிந்துவிட்டது, இப்போது அங்கே ஒரு நாடக அரங்கம். ஆனால் முற்றத்துக்கு அவர்கள் வீட்டுப் பட்டப்பெயர்தான் இன்னும் இருக்கிறது. பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதிவைத்தவர் அல்லவா அவர். இப்படி ஒரு காயலில் வளர்ந்தவர் அந்தப் பாண்டிய நாட்டுக் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது.

மாலையில் தெற்குக் கரைக்கு நடந்தேன். அதன் பெயர் 'ஜாத்தெரே', தெப்பங்கள் என்று அர்த்தம். மலைக்காடுகளில் வெட்டிய மரத்தைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விட்டு, இங்கே இறக்கியிருக்கிறார்கள். அருகிலேயே கொண்டோலா கட்டும் பழைய பட்டறை ஒன்று, மலைநாட்டு மரவீடு போலவே இருக்கிறது. கொண்டோலாவின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட அகலம். ஒரே ஆள் ஒரே பக்கம் துடுப்புப் போட்டும் நேராகப் போக அதுதான் காரணம். பக்கத்துக் கோயில் முற்றத்தில் தரையை உயர்த்தியிருந்தார்கள். ஓதம் ஏறினாலும் கிணற்றுக்குள் உப்பு இறங்காமல் இருக்க!

கடைசியாக சலூத்தே. 1630இல் வந்த கொள்ளைநோய்க்காக நேர்ந்துகொண்டு கட்டிய கோயில். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டைகளைச் சேற்றில் அடித்து, அதன்மேல் அவ்வளவு கல்லையும் நிறுத்தியிருக்கிறார்கள். சேற்றுக்குள் காற்று புகாததால்தான் மரம் எளிதில் மக்குவதில்லை. உறுதியான மண், மரம், கல், குடிநீர் என எதுவுமே இல்லாத இடம். மழையை மட்டும் தங்கள் முற்றத்திலேயே பிடித்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து நிலையம் வரை வபொரெத்தோ என்ற பயணிகள் படகு. 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ. அன்று நான் செய்த பெரிய செலவு அதுதான், மொத்தம் முப்பது யூரோவைத் தாண்டவில்லை. வெளியில் உட்கார்ந்தேன். மாளிகைகளில் விளக்கு எரிந்த சன்னல்களை எண்ணிக்கொண்டே வந்தேன், பாட்டி காட்டியது நினைவுக்கு வந்ததால். இருண்ட சன்னல்கள்தான் அதிகம்.

இப்போது விடுதிச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கெத்தோ கிணற்றின் குறுக்குவெட்டை எனக்குத் தெரிந்தமட்டும் வரைந்து இதனுடன் வைத்திருக்கிறேன். களிமண் எத்தனை சாண் கனம் இருந்திருக்கும், மணல் எந்தப் பருமன், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்று பார்த்துச் சொல். உன் வீட்டுப் பின்கட்டில் மழைநீருக்கு ஏதோ செய்யப்போவதாகச் சொன்னாயே, அது என்ன ஆயிற்று என்றும் எழுது. முட்டியைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வசந்தி