வில் இல்லாத பல்லாட்: ஒரு நன்றி மடல்

நண்பர்களே, வணக்கம்.

சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லரின் ஏ மைனர் பல்லாட் (ஒபஸ் 33) என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பு, வில் கருவிகள் பெரிதும் இல்லாத விண்ட் என்செம்பிளுக்கு (ஊதுகருவிக் குழுவுக்கு) ஏற்றபடி மாறி வந்துவிட்டது. ஸ்கோரும் (முழு இசைக்குறிப்பும்) பார்ட்டுகளும் (ஒவ்வொரு கருவிக்குமான தாள்களும்) தயார். பெயர் சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால், யார் எந்தத் தவற்றைப் பிடித்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறோம். அடுத்து இப்படி ஒரு வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கு அதுதான் உதவும்.

இங்கிலாந்தின் குளோஸ்டரில் 1898 இசை விழாவுக்கு எழுத இசையமைப்பாளர் எல்காருக்கு நேரமில்லை. அவர் கைகாட்டிய 22 வயது இளைஞர் எழுதியது இது. தந்தை சியரா லியோன்காரர். பிள்ளை வளர்ந்தது லண்டன் அருகே கிராய்டனில். 1912-இல், 37 வயதிலேயே போய்விட்டார். அதனால் இசைக்கு உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் புதிதாக அச்சுக்கோத்த பதிப்புக்குப் பிரிட்டனில் 25 ஆண்டு பாதுகாப்பு உண்டு. அதை ஸ்கேன் செய்யப் போன எங்களைத் தடுத்துப் பழைய அச்சைத் தேடித் தந்த நூலகருக்கு முதல் நன்றி.

அடுத்த நன்றி கிளாரினெட் வரிசைக்கு. கிளாரினெட், சாக்ஸ் போன்றவற்றில் தாளில் எழுதும் சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறு. ஏ மைனரை அப்படியே வைத்தால் பி-ஃபிளாட் கிளாரினெட்டுக்கு 2 ஷார்ப் (சுரத்தை அரைப்படி ஏற்றும் குறி), ஆல்டோ சாக்ஸுக்கு 3. ஒரு டோன் (ஒரு முழுப்படி) இறக்கி ஜி மைனர் ஆக்கினால் கிளாரினெட்டுக்கு ஒன்றும் இல்லை, ஆல்டோவுக்கு ஒன்றே ஒன்று. விரலுக்குச் சுகம்தான், ஆனால் எல்லாக் கீழ் எல்லையும் கூடவே இறங்குகிறது. வயலினின் கடைசி ஜி, எஃப் ஆகிறது. கிளாரினெட் அதற்கும் கீழே டி வரை போகும், கவலையில்லை. வியோலாவின் சி, பி-ஃபிளாட் ஆகிறது. அது கிளாரினெட்டில் இல்லை. நாங்கள் அந்தச் சுரங்களை மட்டும் ஒரு ஆக்டேவ் மேலே தூக்கிவிட்டோம். மெட்டு நடுவில் மாடிப்படி ஏறியது போல இருந்தது. “சொற்றொடரையே டெனர் சாக்ஸுக்கும் பேஸ் கிளாரினெட்டுக்கும் கொடுத்துவிடுங்கள், பாதியில் வெட்டாதீர்கள்” என்றார் மூன்றாம் கிளாரினெட்காரர். அப்படியே செய்தோம்.

ட்ரெமலோவை (வில்லை வேகமாக அசைத்து ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை) நாக்கால் தட்டி ஊதும் வெறும் நாக்கடியாக எழுதியதும் எங்கள் தவறுதான். வில்லில் மினுமினுக்கும் சத்தம் நாக்கில் தட்டச்சு போல விழுகிறது. கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டின்) இரண்டு சுரங்களுக்கு இடையே வேகமாக ஆடவிட்டதும் உயிர் வந்தது. அதிலும் ஒரு கண்ணி உண்டு: கிளாரினெட்டில் எழுதப்பட்ட ஏ-யிலிருந்து மேலுள்ள பி-க்குத் தாண்டும் இடம். அங்கே எல்லா விரலும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். அந்த ஜோடிகள் ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்த இரண்டாம் வரிசைக்கு நன்றி.

எங்களை அதிகம் திணறடித்தது வேறொன்று. வயலின்கள் கேட்க மரக்காற்றுக் கருவிகள் (புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் போன்றவை) பதில் சொல்லும் இடங்களில், இப்போது கேள்வியும் கிளாரினெட், பதிலும் கிளாரினெட். உரையாடல் காணாமல் போனது. ஓபோக்காரர் சொன்ன வழி எளிது: கோல்ரிட்ஜ்-டெய்லர் ஓபோவுக்கும் புல்லாங்குழலுக்கும் எழுதியதைத் தொடவே கூடாது, வயலின் பங்கைத்தான் பல கிளாரினெட்டுகளுக்குப் பரப்ப வேண்டும், பதில் வரும்போது ஒரே தாளைப் பார்த்து வாசிக்கும் இருவரில் ஒருவர் போதும். மூல கிளாரினெட் சோலோ வரும் இடங்களில் மற்றவர்கள் வாசிக்காமல் இருக்க வேண்டும். மௌனத்தையும் எழுதித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூச்சு இடங்களைப் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளுக்கு வெவ்வேறாகக் குறித்தவர்களுக்கும், டபுள் பேஸை விட்டுவிடாதீர்கள் என்று பிடிவாதம் பிடித்தவருக்கும் (தந்தியை விரலால் மீட்டும் பிட்சிகாட்டோவை டியூபா ஒருபோதும் தராது) நன்றி. டிம்பனி (சுருதி சேர்க்கும் முரசு) பார்ட்டை மட்டும் ஏ மைனரிலேயே விட்டிருந்தோம். ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்பு அதைக் கண்டுபிடித்தவருக்குத் தனி நன்றி.

பிழை திருத்தியவர்கள் பிடித்ததில் பெரும்பாலும் ஒரே வகை: ஜி மைனரின் எஃப்-ஷார்ப் ஆல்டோவுக்கு டி-ஷார்ப் ஆக வர வேண்டும், இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள் பல இடங்களில் இ-ஃபிளாட் என்று எழுதியிருந்தது. விரல் ஒன்றே என்றாலும், அடுத்து வரும் இ-யைப் பார்த்து வாசிப்பவர் தடுமாறுவார்.

ஒரு வேண்டுகோள். பார்ட்டுகளைத் திருப்பித் தரும்போது பென்சில் குறிப்புகளை அழிக்காதீர்கள். அடுத்த திருத்தத்துக்கு அவைதான் எங்களுக்கு வேண்டும்.