எஃப்எம் ரேடியோ விஷயம்: ஞாயிறு கூட்டம்

வணக்கம் சொந்தங்களே. கேரளத்து வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்ட லயங்களுக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்கு) தமிழில் ஒரு எஃப்எம் வேண்டும் என்று தம்பிகள் கேட்பது முழுக்க நியாயம். பெருமழை நேரத்தில் அணை எச்சரிக்கை மலையாளத்தில் வந்தால், நம் பெரியவர்கள் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது.

ஆனால் தம்பிகள் வாங்கி வைத்திருக்கும் டிரான்ஸ்மிட்டரை (ஒலிபரப்பும் கருவியை) இப்போது போட வேண்டாம். பவர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். 2006-ல் பீகாரில் ஒரு கிராமத்து எஃப்எம்மை இப்படித்தான் மூடினார்கள். மட்டமான கருவியின் அலை எஃப்எம்மின் மேல் எல்லையான 108 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிக் கசிந்தால் விமானங்களின் அலைவரிசைக்கும் இடைஞ்சல்.

அதற்காக யாரையும் வாயை மூடச் சொல்லவில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2006 கடைசியிலிருந்து தொண்டு அமைப்புகளும் லைசென்ஸ் வாங்கி சமுதாய வானொலி (ஊர் மக்களுக்கான சிறு எஃப்எம்) நடத்தலாம், 100 வாட் வரை. சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கத்தான் அனுமதி இல்லை. அது சரியில்லை என்பது என் கருத்து. அதையும் பேசுவோம்.

கூட்டம்: வரும் ஞாயிறு மாலை 4 மணி, எஸ்டேட் கிளப்.

1. டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வரவும். யாரும் திட்ட மாட்டோம்.
2. தனி ஆள் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. சங்கப் பதிவுச் சான்று, கணக்கு நோட்டு இரண்டையும் செயலாளர் அண்ணன் எடுத்து வரவும்.
3. என்ன நிகழ்ச்சி வேண்டும் என்று கொழுந்து எடுக்கும் அக்காமாரிடம் கேட்டு எழுதி வாருங்கள்.
4. வருபவர்கள் சனி இரவு 8 மணிக்குள் பெயர், லயம் எண் போட்டுப் பதில் அனுப்பவும்.