புதுப்பேட்டைக்குப் போகும் வில்சனுக்கு

தக்கலை,
8.11.2025

அன்புள்ள வில்சன்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஓய்வு பெற்றபின் சென்னையில் பொழுது போவதில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதற்கு என்னிடம் ஒரு வேலை இருக்கிறது. நீ எனக்காகப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை வரை போய், என் காருக்குப் பொருந்தும் பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடிதம் நீண்டுவிட்டதற்கு அதுதான் காரணம், பொறுமையாகப் படி.

என் ஹோண்டா சிட்டியை உனக்குத் தெரியும். 2010-ஆம் ஆண்டு வண்டி, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். சில மாதங்களாகவே மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது, மூன்றாவது கியர் விழவேண்டிய இடத்தில் எஞ்சின் மட்டும் இரைந்து சுற்றும். வண்டி வேகம் எடுக்காது. பிறகு மீட்டரில் ‘டி’ என்ற எழுத்து விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. பார்வதிபுரத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார்; நிதானமான மனிதர். அவர் எடுத்த எடுப்பில் கியர்பாக்ஸைக் கழற்றவில்லை. பேட்டரி, வயரிங், எண்ணெய்ப் பாதையைத் திறந்து மூடும் மின்வால்வான சோலினாய்டு, அழுத்தத்தைக் காட்டும் ஸ்விட்ச் என்று வெளியிலிருந்தே பார்க்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சில ஆயிரத்தில் முடிகிற சோலினாய்டு கோளாறுக்கு முழு கியர்பாக்ஸையும் மாற்றிவிட்டு, புதிதாகப் போட்டதிலும் அதே கோளாறு தொடர்வதைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் நம் ஊரில் உண்டு.

கடைசியாக எண்ணெயை இறக்கினார். இந்த வண்டியில் அடித்தட்டைக் கழற்றி உள்ளே பார்க்கும் வசதி கிடையாது. எண்ணெய் இறக்கும் போல்ட்டின் நுனியில் ஒரு காந்தம் வைத்திருக்கிறார்கள், உள்ளே நடப்பதைச் சொல்லும் சாட்சி அது ஒன்றுதான். சாதாரணத் தேய்மானமென்றால் அதில் சாம்பல் நிறத்தில் மை போன்ற படிவு மட்டும் இருக்கும். என் வண்டிக் காந்தத்தில் விரலைக் குத்தும் இரும்புச் சிலாம்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் காப்பிக் கறுப்பில் வந்தது. கருகிய வாடையும் அடித்தது. வண்டியை எனக்கு விற்றவர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஆயுள் முழுவதும் ஒரே எண்ணெய் போதும் என்று நம்பியிருந்தவர். உள்ளேயிருக்கும் கிளச்சுத் தகடுகள் அந்த நம்பிக்கைக்குத்தான் விலை கொடுத்திருக்கின்றன.

வண்டியை விற்றுவிடேன் என்று நீ சொல்வாய் என்பது எனக்குத் தெரியும். இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபிறகு கிளச் மிதிக்க என்னால் ஆகாது. ஆகவே ஆட்டோமேட்டிக் எனக்கு ஆடம்பரம் இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்து, ஆர்.சி.யையும் இந்த ஆண்டுதான் மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். எஞ்சினில் குறை ஒன்றும் இல்லை. கம்பெனியில் புது கியர்பாக்ஸ் விலை கேட்டதில், காரை இன்று விற்றால் கிடைக்கும் தொகை அளவுக்கு அதுவே வந்துவிட்டது. பிரித்துப் புதுத் தகடுகள் போடலாம் என்றால், ஆட்டோமேட்டிக்கை உள்ளே திறந்து, எண்ணெயை வேண்டிய கியருக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியைச் சுத்தம் செய்து, பழையபடி சேர்க்கத் தெரிந்த கை நம் மாவட்டத்தில் அரிது. ஓரிருவர் இருந்தாலும் சாமான் வந்து சேரக் காத்திருக்க வேண்டும். எஞ்சியிருப்பது, இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியதை வாங்குவது.

நாகர்கோவிலில் ஆக்கர் கடைகள், அதாவது பழைய இரும்புக் கடைகள், பலவற்றில் கேட்டாயிற்று. மேனுவல் கியர்பாக்ஸ் எத்தனை வேண்டுமானாலும் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்றதும், மூலையில் தார்ப்பாயால் மூடி வைத்திருந்த ஒன்றைக் காட்டினார்கள். எந்த வண்டியினுடையது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. திருவனந்தபுரத்தில் ஒன்று கிடைத்தது. மெக்கானிக் அதை வேண்டாம் என்றார், காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். ஆகவேதான் புதுப்பேட்டை. அங்கே உள்ள வியாபாரிகள் பலரும் ஒரு பாகத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே எந்த ஆண்டு, எந்த மாடல் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய அறிவை நீ மதிக்கலாம். ஆனால் அவர்கள் சொல்லும் கிலோமீட்டர் கணக்கை நம்பாதே.

முதலில் பொருத்தம். ‘சிட்டி ஆட்டோமேட்டிக்’ என்று மட்டும் கேட்டால் மூன்றில் ஏதாவது ஒன்று கைக்கு வரும். 2008-க்கு முந்தைய சிட்டி இசட்.எக்ஸில் வந்தது சி.வி.டி.; அதில் கியர்களே கிடையாது, எஃகுப் பட்டை ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும். 2008 இறுதியில் வந்து 2013 வரை விற்ற உருவத்தில்தான் என்னுடைய ஐந்து கியர் உண்டு. 2014-இல் வந்த அடுத்த சிட்டியில் மறுபடியும் சி.வி.டி., ஆனால் அது பழைய சி.வி.டி. அல்ல. எனக்கு வேண்டியது நடுவில் உள்ளது மட்டுமே. கியர்பாக்ஸின் மேல் கூட்டில் எழுத்தும் எண்ணும் வெட்டியிருக்கும். என் வண்டியில் உள்ளதைப் படமெடுத்து உன் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். முன் எழுத்துகள் அப்படியே ஒத்துப்போகவேண்டும், அதற்குப் பின்னால் வரும் வரிசை எண் வேறாக இருப்பது இயல்பு. கிரீஸும் மண்ணும் மூடியிருந்தால் டீசல் நனைத்த துணியால் துடைத்துப் பார். அந்த இடம் அரத்தால் ராவியது போலத் தெரிந்தால் மேலே ஒரு வார்த்தை பேச வேண்டாம், திரும்பி வந்துவிடு.

அதற்கடுத்து நீ கேட்கவேண்டிய கேள்வி, இது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பது. என் மெக்கானிக் முப்பது வருடமாகச் சொல்லிவருவதும் இதைத்தான்: கழற்றிப்போட்ட கியர்பாக்ஸை வெளியிலிருந்து பார்த்து யாரும் முழுமையாகத் தீர்மானிக்க முடியாது, ஆனால் அது இருந்த வண்டியைப் பார்த்தால் பாதிக்கு மேல் தெரிந்துவிடும். பின்புறம் இடிபட்டு, பழுது பார்க்கக் கட்டுப்படியாகாமல் உடைக்க வந்த வண்டி என்றால் நல்லது. கடைசி நாள்வரை ஓடியிருக்கிறது, முன்பக்கமும் அடிபடவில்லை. அந்த வண்டி இன்னும் உடைக்கப்படாமல் நின்றால் அதைவிட நல்லது. ஸ்டார்ட் செய்து காட்டச் சொல். பிரேக்கை மிதித்துக்கொண்டு ‘டி’யிலும் ‘ஆர்’இலும் மாற்றினால் ஓரிரு நொடிக்குள் வண்டி மெல்ல இழுக்கவேண்டும்; டமார் என்று அதிர்வதும் கூடாது, யோசித்து யோசித்து விழுவதும் கூடாது. மீட்டர் 60,000 காட்டும்போது பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் நீ ரப்பரை நம்பு. ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையில்லை. தேய்மானம் பெரும்பாலும் பிரேக் மிதியில்தான் இருக்கும்.

மிகவும் பயப்படவேண்டியது வெள்ளத்தில் நின்ற வண்டி. திருவனந்தபுரத்துச் சரக்கை மெக்கானிக் வேண்டாம் என்றதும் இதனால்தான். கேரளத்தில் 2018 ஆகஸ்டிலும், சென்னையில் 2015 டிசம்பரிலும், மறுபடி 2023 டிசம்பரிலும் எத்தனை கார்கள் நீரில் நின்றன என்பது நீ அறிந்ததுதான். சென்னையில் நீயே மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய். அவற்றின் பாகங்கள் எங்கேயோ போய்த்தானே ஆகவேண்டும். கியர்பாக்ஸுக்கு மூச்சுவிட ஒரு சிறு துவாரம் உண்டு. வண்டி மூழ்கினால் அதன் வழியாக நீர் உள்ளே இறங்கும். கிளச்சுத் தகட்டின் உராய்வுப் பூச்சு நீரை உறிஞ்சினால் பசை விட்டுப்போகும். பேரிங்குகளில் துரு விழும். வெளியே கழுவிப் பெயின்ட் அடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ஆகவே போல்ட் குழிகளின் அடியிலும், வயர் கனெக்டரின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பார். பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும் வண்டல், கனெக்டர் ஊசிகளில் பச்சைப் படிவு, எண்ணெயில் பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். அலுமினியக் கூட்டின் மேல் அங்கங்கே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதற்காக மட்டும் தள்ள வேண்டாம். கடலோரத்தில் ஓடிய வண்டி எல்லாவற்றிலும் அது உண்டு, குளச்சலில் இருக்கும் என் மருமகனின் வண்டியில் வந்து பார்.

கழற்றி வைத்ததைத்தான் பார்க்கிறாய் என்றால், உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெயில் சில துளிகளை வெள்ளைத் தாளில் விடச் சொல். சிவப்போ இளம்பழுப்போ பரவாயில்லை. கறுப்பும் கருகல் வாடையும் என்னிடமே இருக்கின்றன, அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. எண்ணெய் சுத்தமாக வடிக்கப்பட்டிருந்தால் காந்த போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்; அதையும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தால் எதற்காகத் துடைத்தாய் என்று கேள். எஞ்சினோடு சேரும் பக்கத்தில் போல்ட் மாட்டும் காதுகள் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப்பார். கழற்றும்போது கீழே போட்டிருந்தால் அங்கேதான் விரிசல் விழும். எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் டார்க் கன்வர்ட்டரும் அதே வண்டியினுடையதாகச் சேர்ந்தே வரவேண்டும். அதன் கழுத்து நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் வெந்தது. வயர்களைக் கட்டரால் வெட்டியிருந்தால் விலையைக் குறை; கனெக்டரோடு முழுதாக இருந்தால் மதிப்பு அதிகம். இவ்வளவையும் செய்ய கடைக்காரர் விடுவாரா என்று நீ தயங்குவாய். பொருள் நல்லதாக இருந்தால் விடுவார். தொடவே விடாத கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நமக்கு வேலையில்லை.

பில் இல்லாமல் வாங்காதே. எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறியிருப்பதைப்போல கியர்பாக்ஸ் எண் ஏறுவதில்லை, ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எனக்கு எந்த வேலையும் இல்லை, ஆனால் அதே காரணத்தால்தான் திருட்டு வண்டியின் கியர்பாக்ஸ் சுலபமாகக் கைமாறுகிறது. கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், கழற்றிய வண்டியின் பதிவெண், கியர்பாக்ஸில் வெட்டியிருக்கும் எண், இவை பில்லில் இருக்கட்டும். ‘ஓடவில்லையென்றால் மாற்றித் தருகிறேன் சார்’ என்ற வாக்கை அதே பில்லின் பின்புறம் எழுதி வாங்கு. அதில் நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதைக் கவனி. சரக்கு லாரியில் தக்கலை வந்து, மெக்கானிக்குக் கை ஓய்ந்து, மாட்டி முடிப்பதற்குள் விற்ற நாளிலிருந்து எண்ணிய கெடு பாதி கரைந்துவிடும். மாட்டிய நாளிலிருந்து எண்ண ஒத்துக்கொண்டால் நல்லது. ஏற்றி இறக்கும் கூலியையும், இரண்டாவது முறை கழற்றி மாட்டும் கூலியையும் எந்தக் கடைக்காரரும் தரமாட்டார். அதற்காக வாதாடிக்கொண்டு நிற்காதே. போல்ட்டுகளின் மேல் மஞ்சளிலோ வெள்ளையிலோ பெயின்ட் புள்ளி வைப்பார்கள், நாம் திறந்தோமா என்று பிறகு பார்ப்பதற்காக. அது நியாயமே. அந்தப் புள்ளிகளைப் படமெடுத்து வைத்துக்கொள்.

அனுப்பும்போது எண்ணெயை முழுவதும் வடித்து, குழாய் வாய்களையும் அச்சு போகும் துளைகளையும் பிளாஸ்டிக் போட்டு அடைக்கச் சொல். கன்வர்ட்டர் முன்னே நழுவாதபடி கம்பியால் குறுக்கே கட்டவேண்டும். அது கியர்பாக்ஸின் எண்ணெய்ப் பம்ப்பில் முழுதாக அமராமல் இருக்கும்போது எஞ்சினோடு சேர்த்து போல்ட்டை முறுக்கினால், முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடைந்துவிடும். உடைந்தபின் கடைக்காரர் நம்மைக் கைகாட்டுவார், நாம் அவரைக் கைகாட்டுவோம். மற்றவற்றை இங்கே பார்த்துக்கொள்கிறோம். எஞ்சினுக்கும் வீலுக்கும் போகும் இடத்து ஆயில் சீல்களை வெளியில் இருக்கும்போதே புதிதாகப் போட்டுவிடுவார். எண்ணெய் குளிரும் பாதையில் தங்கியிருக்கும் பழைய சிலாம்புகளைக் கழுவி எடுக்காமல் மாட்டமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். எண்ணெயும் ஹோண்டாவின் டி.டபிள்யூ-1 தவிர வேறு எதையும் ஊற்றுவதில்லை என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். விலை குறைந்த பொது எண்ணெயை நான் வாங்கிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்.

விலையைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், நீ பேரம் பேசக் கூச்சப்படுகிறவன் என்பதால். என் மனதில் உள்ள உச்சவரம்பைத் தனியாகச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். கடையில் வைத்து அதைத் திறந்து பார்க்காதே. கன்வர்ட்டரும் கனெக்டரும் சேர்ந்து, வண்டியில் ஓடிப் பார்த்து, எழுத்தில் உத்தரவாதமும் கிடைத்தால் அந்த எல்லைக்கு மேல் ஓர் ஐயாயிரம் போனாலும் சம்மதம். தார்ப்பாயின் கீழ் கிடக்கும், ஊர் பெயர் தெரியாத ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். அது ஓடாமல் போனால் மெக்கானிக் கூலியும் எண்ணெயும் சேர்ந்து மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

முதல் முறை போகும்போது பணம் கொண்டுபோகாதே. பார்த்து, படமெடுத்து, எண்ணை எனக்கு அனுப்பிவிட்டுத் திரும்பு. நான் அதை மெக்கானிக்கிடம் காட்டுகிறேன். அவரோடு நேரடியாகப் பேசவேண்டும் என்றால் எந்த நாளும் மாலையில் அழைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையில் கோயிலுக்குப் போய்விடுவார், பதினொரு மணிக்குப் பிறகு அழை.

அன்புடன்,
செல்லப்பன்