கேமரூன் உள்ளாட்சித் தேர்தல்: 316 என்ற எண்ணுக்குப் பின்னால்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கேமரூன் அரசியல் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 2020 பிப்ரவரி 9ஆம் தேதி நடந்த உள்ளாட்சித் தேர்தலில் 360 மன்றங்களில் 316ஐ ஆளுங்கட்சி பிடித்ததைச் சொல்லி, எதிர்க்கட்சிகளின் பலவீனமே காரணம் என்று முடித்திருந்தது. பலவீனம் உண்மைதான். ஆனால் அந்தப் பலவீனம் எங்கே, எந்தச் சட்டப் பிரிவால், எந்த மேசையில் உண்டாக்கப்படுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்குப் பாதிச் செய்திதான் போய்ச் சேர்கிறது.

முதலில் இடங்களைப் பிரிக்கும் விதி. அங்கே வார்டு வாரியாக ஆளுக்கு ஓர் உறுப்பினர் என்ற முறை இல்லை. மன்றத்தின் எல்லை முழுவதும் ஒரே தொகுதி; கட்சிகள் முழுப் பட்டியலாகப் போட்டியிடுகின்றன. ஐம்பதாயிரத்துக்குக் குறைவான மக்கள்தொகை என்றால் 25 உறுப்பினர்கள். அது கூடக்கூட 31, 35, 41 என்று ஏறி, மூன்று லட்சத்தைத் தாண்டினால் 61. ஒரு பட்டியல் பாதிக்கு மேல் வாக்கு வாங்கிவிட்டால் எல்லா இடமும் அதற்கே. 25 பேர் மன்றத்தில் செல்லுபடியான வாக்கு 10,000. ஒரு கட்சிக்கு 5,100, இன்னொன்றுக்கு 4,900. முடிவு 25க்குப் பூஜ்யம். அந்த 4,900 பேரின் சார்பில் மன்றத்தில் கேள்வி கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்.

யாருக்கும் பாதி கிடைக்கவில்லை என்றாலும் முதலிடம் பிடித்த பட்டியலுக்கே பாதி இடங்கள் போகும், அதுவும் மேல்நோக்கி முழுமையாக்கி. 25இல் பாதி 12.5 அல்லவா, அது 13 ஆகிறது. மீதியைத்தான் வாக்கு விகிதப்படி பிரிக்கிறார்கள். 5 சதவீதத்துக்குக் கீழே வாங்கிய பட்டியலுக்கு அதிலும் பங்கில்லை. ஆக, எதிரணி மூன்றாகச் சிதறிய ஊரில் 35 சதவீதம் வாங்கிய கட்சி 13 பேரை வைத்துக்கொண்டு மேயரைத் தனியாகவே தேர்ந்தெடுத்துவிடலாம். இந்த விதி எல்லாக் கட்சிக்கும் பொதுதானே என்று கேட்கலாம். பொதுதான். ஆனால் 360 இடத்திலும் பட்டியல் போடும் வசதி ஒரு கட்சிக்குத்தான் இருக்கிறது. அதனால் விதியின் பலனும் பெரும்பாலும் அங்கேயே சேர்கிறது.

அந்த வசதி ஏன் மற்றவர்களுக்கு இல்லை என்பதற்கு மனுத்தாக்கல் மேசையைப் பார்க்கவேண்டும். கட்டுரை தொடாமல் விட்ட இடமும் இதுவே. முதலாவதாக, உள்ளாட்சியில் சுயேச்சை கிடையாது; கட்சியின் பெயரில்தான் பட்டியல் வரவேண்டும். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 சி.எஃப்.ஏ. பிராங்க் வைப்புத்தொகை. 25 பேருக்கு 12.5 லட்சம் பிராங்க், அதாவது சுமார் 1,900 யூரோ. 61 பேர் கொண்ட பெரிய நகர மன்றத்துக்கு 30.5 லட்சம். நாடு முழுவதும் இடங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இருப்பதால் எல்லா ஊரிலும் நிற்க நினைக்கும் கட்சி 50 கோடி பிராங்குக்கு மேல் புரட்டவேண்டும்.

பணத்தைவிடப் பொல்லாதது காகிதம். பிறப்புச் சான்று, குற்றப் பதிவு இல்லை என்ற நீதிமன்றச் சான்று, வரிச் சான்று, கையொப்பம் சரிபார்க்கப்பட்ட உறுதிமொழி, பணம் கட்டிய ரசீது என்று ஆளுக்கு நாலைந்து வைத்தாலே 25 பேருக்கு நூறைத் தாண்டுகிறது. வேட்பாளர் எங்கோ தொலைவில் பிறந்தவராக இருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு ஆள் அனுப்பவேண்டிய நிலை. இவ்வளவுக்கும் அவகாசம் பதினைந்தே நாள். தேர்தலை அறிவிக்கும் ஆணையில் அதிபர் பால் பியா 2019 நவம்பர் 10ஆம் தேதி கையெழுத்திட்டார். மனுவுக்குக் கடைசி நாள் நவம்பர் 25. 1982 முதல் அதிபராக இருக்கும் அவரேதான் ஆளுங்கட்சியான கேமரூன் மக்கள் ஜனநாயக இயக்கத்தின் தலைவரும். தேதியைக் குறிப்பவரின் கட்சிக்கும், அதை வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கட்சிக்கும் அந்தப் பதினைந்து நாள் ஒன்றல்ல.

இதையும் தாண்டினால், பட்டியல் அந்தப் பகுதியின் சமூகப் பிரிவுகளையும் பெண்களையும் கணக்கில் எடுத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. நோக்கம் நல்லது, ஒரே இனக்குழு மன்றத்தை வளைத்துக்கொள்வதை அது தடுக்கும். ஆனால் எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் என்று சட்டம் எண் சொல்லவில்லை. எண் இல்லாத நிபந்தனையை வைத்து எந்தப் பட்டியலையும் மறுக்கலாம், எதையும் ஏற்கலாம். ஒவ்வொரு தேர்தலிலும் வழக்குகள் இதைச் சுற்றியே வருகின்றன. இத்தனை சல்லடைகளுக்குப் பின் பல ஊர்களில் ஒரே பட்டியல் மிஞ்சுகிறது. அங்கே உண்மையான போட்டி ஆளுங்கட்சிக்குள், யார் பெயர் பட்டியலில் ஏறும் என்பதில் முடிந்துவிடுகிறது. வாக்காளருக்கு அதில் வேலை இல்லை.

வாக்குப்பதிவு நாளில் நடப்பதையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். எல்லாக் கட்சியின் பெயரும் அச்சான ஒரே வாக்குச்சீட்டு அங்கே இல்லை. கட்சிக்கு ஒரு தனித்தாள். வாக்காளர் ஓர் உறையையும் எல்லாக் கட்சித் தாள்களையும் எடுத்துக்கொண்டு மறைவிடத்துக்குள் போய், பிடித்த தாளை உறைக்குள் போட்டுவிட்டு, மற்றவற்றை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். ஓட்டுக்குக் காசு கொடுப்பவருக்கு இதைவிடத் தோதான முறை கிடையாது. மிச்சத் தாள்களைச் சட்டைப்பைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்து காட்டினால் போதும், எந்தத் தாள் குறைகிறதோ அந்தக் கட்சிக்கு வாக்கு விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே சீட்டு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் ஓயாமல் கேட்பது இதனால்தான்.

எண்ணிக்கை அந்தந்தச் சாவடியிலேயே, எல்லோர் முன்னிலையிலும் நடக்கிறது. இது நல்ல ஏற்பாடு. முடிவு எழுதிய அறிக்கையில் கையெழுத்திட்டுக் கட்சி முகவர்களுக்கும் நகல் தரவேண்டும். ஆனால் முகவர் இருந்தால்தானே நகல்? 2020இல் சாவடிகள் 25 ஆயிரத்துக்கும் மேல். காலை எட்டு மணி முதல் எண்ணி முடியும் வரை ஆளை உட்காரவைத்து, சோறு போட்டு, படி கொடுக்கச் சிறு கட்சிகளால் முடிவதில்லை. நகல் கையில் இருந்தும் அதிலுள்ள எண் வேறுபட்டால், தேர்தல் ஆணையமான எலெகாம் வைத்திருக்கும் பிரதியே செல்லும் என்று 2012 தேர்தல் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. அந்த ஆணையத்தின் உறுப்பினர்களை நியமிப்பவர் அதிபர். அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு வரியை மாற்ற முடியும் என்றால், மாற்றவேண்டியது இந்த வரியைத்தான்.

குப்பை அள்ளுவதும் சந்தை நடத்துவதும்தானே உள்ளாட்சி, அதற்கா இவ்வளவு என்று தோன்றலாம். அங்கே மன்ற உறுப்பினர் வெறும் உறுப்பினர் அல்லர். மேலே உள்ள அவைகளுக்கு அவர்தான் வாக்காளர். 2020 டிசம்பர் 6இல் முதன்முறையாக நடந்த மண்டல அவைத் தேர்தலில் மன்ற உறுப்பினர்களும் பாரம்பரியத் தலைவர்களும் மட்டுமே வாக்களித்தார்கள். பத்து மண்டலங்களில் ஒன்பது ஆளுங்கட்சிக்கு, அடமாவா மட்டும் யு.என்.டி.பி. என்ற கட்சிக்கு. செனட்டில் 100 இடம். 30 பேரை அதிபர் நியமிக்கிறார், 70 பேரை மண்டல, உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2013இல் அந்த 70இல் 56 ஆளுங்கட்சிக்கு, 2018இல் 63, 2023இல் எழுபதும்.

அதிபர் தேர்தலுக்கான கதவும் இங்கேதான். ஒரு கட்சி அதிபர் வேட்பாளரை நிறுத்த நாடாளுமன்றத்திலோ மண்டல அவையிலோ உள்ளாட்சி மன்றத்திலோ அதற்கு உறுப்பினர் இருக்கவேண்டும். இல்லையென்றால் மண்டலத்துக்கு 30 வீதம் 300 பேரிடம் கையொப்பம் வாங்கவேண்டும். கையொப்பமிடத் தகுதியுள்ளவர்களில் பெரும்பாலோர் ஆளுங்கட்சிக்காரர்களே. 2018 அதிபர் தேர்தலில் இரண்டாவதாக வந்த மொரீஸ் காம்தோவின் கட்சி, தேர்தல் சட்டம் திருத்தப்படவில்லை, ஆங்கிலம் பேசும் இரு மண்டலங்களில் நடக்கும் போர் தீரவில்லை என்று 2020 தேர்தலைப் புறக்கணித்தது. அதனால் 2025இல் சொந்தக் கட்சியின் பெயரில் அவரால் நிற்க முடியவில்லை. மன்ற உறுப்பினர்கள் உள்ள மானிடெம் என்ற சிறு கட்சியின் பெயரில் மனு போட்டார். அதே கட்சியின் பெயரில் இன்னொருவரும் மனு செய்திருந்ததைக் காட்டி அது தள்ளப்பட்டது. ஆகஸ்டில் அரசியலமைப்பு மன்றமும் அதை உறுதிசெய்தது. புறக்கணிப்புக்கான காரணங்கள் இரண்டும் நியாயமானவை. அதன் விலை ஐந்தாண்டு கழித்துத்தான் தெரிந்தது.

எதிர்க்கட்சி வென்றால் மட்டும் ஊர் கைக்கு வந்துவிடுகிறதா? 1996 உள்ளாட்சித் தேர்தலில் எதிர்க்கட்சிகள் பெரிய நகரங்களைப் பிடித்தபோது, அரசுப் பிரதிநிதி என்ற பதவிக்கு ஆணை மூலம் ஆட்களை நியமித்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மேலே உட்காரவைத்தார்கள். துவாலா, யாவுண்டே போன்ற நகரங்களில் இந்த ஏற்பாடு 2020 வரை நீடித்தது. 2019 டிசம்பர் சட்டம் அதை ஒழித்து நகர மேயர் பதவியைக் கொண்டுவந்தது. அவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை; மன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் அவர் அந்த மண்டலத்தின் பூர்வகுடியாக இருக்கவேண்டும். நாடெங்கிலுமிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த துவாலாவில் இந்த நிபந்தனை எத்தனை பேரை வெளியே நிறுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். மன்றத்தின் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது இன்றும் அரசு அனுப்பும் ஆட்சியர்தான். அரசு வருவாயில் குறைந்தது 15 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று அதே சட்டம் சொல்கிறது. அது ஏட்டளவிலேயே நிற்கிறது.

2025இல் முடியவேண்டிய மன்ற உறுப்பினர்களின் பதவிக்காலம் 2024 ஜூலையிலேயே ஆணை மூலம் 2026க்கு நீட்டிக்கப்பட்டது. 2013இல் தேர்வானவர்களும் 2018க்குப் பிறகு இப்படித்தான் நீட்டிப்பில் இருந்தார்கள். அடுத்த தேர்தல் பற்றித் தாங்கள் எழுதும்போது எத்தனை மன்றங்களில் ஒரே பட்டியல் நின்றது, எத்தனை பட்டியல்கள் எந்தக் காரணத்துக்காகத் தள்ளப்பட்டன, வென்ற பட்டியல் எத்தனை சதவீத வாக்கில் எத்தனை இடம் எடுத்தது என்ற மூன்றையும் கட்டாயம் சேர்த்து வெளியிடுங்கள். மனுக்கள் தள்ளப்படும் செய்தி வாக்குப்பதிவுக்கு இரண்டு மாதம் முன்பே வந்துவிடும். அதைத் தவறவிட்டால் முடிவு வரும் நாளில் தேடிப்பிடிப்பது கடினம்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை