ஜோகன்னஸ்பர்க் காற்றில் 17 சதவீத ஆக்சிஜனா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜோகன்னஸ்பர்க் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் "அங்குள்ள காற்றில் ஆக்சிஜன் 17 சதவீதம்தான், அதனால்தான் டர்பன்காரர்களுக்கு அங்கே மூச்சு வாங்குகிறது" என்று எழுதியிருந்ததை அப்படியே விட முடியவில்லை. மூச்சு வாங்குவது உண்மை. காரணம்தான் தவறு.

டர்பன் கடற்கரையானாலும் டிராகன்ஸ்பர்க் மலை உச்சியானாலும், ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21, ஆர்கான் ஒன்றுக்குச் சற்றே குறைவு. ஊரெல்லாம் பேசும் கரியமில வாயு வெறும் 0.04 சொச்சம். காற்று ஓயாமல் கலந்துகொண்டே இருப்பதால் சுமார் 80 கிலோமீட்டர் உயரம் வரை நைட்ரஜன், ஆக்சிஜன் விகிதம் பெரிதாக மாறாது.

மாறுவது அழுத்தம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்திலுள்ள நம் டர்பனில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. கடல் மட்டத்தில் 17 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசித்தால் எவ்வளவு கிடைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு. மலையேறுபவர்களுக்கான அட்டவணைகளில் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். கட்டுரையாளர் அதையே காற்றின் கலவை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் என் தங்கை வீட்டில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவே வேகாது. அழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. பருப்பின் மேல் குற்றமில்லை, ஆக்சிஜன் மேலும் இல்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் சதவீதத்தில் தோற்பது நாம்தான். நம் கோடையான ஜனவரியில் சட்டை முதுகோடு ஒட்டும் நாட்களில் டர்பன் காற்றில் நீராவி மட்டும் ஏறத்தாழ 3 சதவீதம் வரை இருக்கும். மற்ற வாயுக்கள் அந்த அளவுக்கு இடம் விட வேண்டியதுதான், ஆக்சிஜன் 20.3 அளவுக்கு இறங்கிவிடும். ஜூலை மாத ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் 20.8 இருக்கும். ஆனாலும் அழுத்தம் அதிகம் என்பதால் நமக்குத்தான் மூச்சுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கிறது.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போட்டால் நல்லது. பள்ளிப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு உங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்